அமிர்தம் பிச்சமுத்துவின் வாழ்க்கைக் குறிப்பு

கோமளவல்லி அனுப்பிய படிவத்தில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. பெயர், கணவர் பெயர், கணவரின் பதவி, பிள்ளைகள், பிள்ளைகளின் பதவி, பிள்ளைகள் வசிக்கும் நாடு, சொந்த வீடு உண்டா, சாதனை. நாட்டுக்கு இரண்டு வரி விட்டிருந்தாள். சாதனைக்கு ஒன்று.

1988-ல் திருச்சியில் ஒரே வகுப்பில் பத்தாவது முடித்த பெண்கள் முப்பத்தேழு வருஷம் கழித்து ஸ்ரீரங்கத்தில் கூடப் போகிறார்கள். வாட்ஸப் குழுவில் முப்பத்தோரு பேர் சேர்ந்தாகிவிட்டது. படிவத்தை நிரப்பி அனுப்பினால் மலரில் அச்சாகும். அன்றைக்கு மேடையில் ஆளுக்கு மூன்று நிமிஷம், தன் வாழ்க்கையைத் தானே சொல்ல வேண்டும். "மூணு நிமிஷத்துக்கு மேல போனா மைக்கை ஆஃப் பண்ணிடுவேன். பெருமாளே வந்து நின்னாலும் மூணு நிமிஷம்தான்" என்று கோமளவல்லி குரல் பதிவு போட்டிருந்தாள். அவள் வகுப்புத் தலைவியாக இருந்தவள். அந்தப் பதவியிலிருந்து அவளை யாரும் இன்னும் விடுவிக்கவில்லை.

வாழ்க்கைகள் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன. ஜோதி இரண்டு பக்கம் அனுப்பியிருந்தாள். அவள் கணவர் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து கூடுதல் பொது மேலாளராக ஓய்வு பெற்றது வரைக்கும் ஏழு பதவி உயர்வுகள், எந்தத் தேதியில் எந்த ஊருக்கு மாற்றல் என்ற விவரத்தோடு இருந்தன. ஜோதி அதில் ஒரே ஓர் இடத்தில் வந்தாள், மூன்றாவது மாற்றலில், 'குடும்பத்துடன்' என்ற சொல்லுக்குள். பேட்ரிசியா தன் மகன் மெல்போர்னில் வாங்கிய வீட்டின் படுக்கையறைகளை எண்ணி எழுதியிருந்தாள். குளியலறைகளைத் தனியாக எண்ணியிருந்தாள். எல்லாவற்றுக்கும் கீழே முப்பது பேர் கைகூப்பினார்கள்.

அமிர்தம் இதையெல்லாம் காட்டூரில் தன் வீட்டு முன்னறையில், கிரைண்டர் ஓடும் நேரத்தில் படித்தாள். இருபது வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறாள். தெருவில் பாதி வீட்டுக்கும் பொன்மலைப் பக்கம் இரண்டு மெஸ்ஸுக்கும் அவள் மாவுதான். மற்ற மாதங்களில் அது ஒரு தொழில். சித்திரையில் அது ஒரு சண்டை. திருச்சி வெயிலுக்கு மாவு சொன்ன பேச்சுக் கேட்காது. காலையில் அரைத்தது மத்தியானத்துக்குள் பொங்கி மூடியைத் தள்ளும். உளுந்து ஊறுகிற நேரத்தைக் குறைத்து, ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, உப்பைக் கடைசி நிமிஷம் வரை கையில் வைத்திருக்க வேண்டும். கல்லின் சத்தம் மாறுவதைக் கேட்டே தண்ணீர் போதுமா போதாதா என்று சொல்வாள். செல்போனை முழங்கையால்தான் தள்ளிப் படிக்க முடியும். ஜோதியின் ஏழு பதவி உயர்வுகளைத் தள்ளி முடிப்பதற்குள் ஓர் ஈடு உளுந்து மசிந்துவிட்டது.

"என்ன பாக்குற?" என்று கேட்டுக்கொண்டே கணவர் பிச்சமுத்து வந்தார்.

பிச்சமுத்து அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தில் அவர் எத்தனை கோப்புகளை முடித்தார் என்பது யாருக்கும் தெரியாது. எத்தனை வாழ்த்து மடல்கள் எழுதினார் என்பது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அவரே சொல்வார்: இருநூற்றுப் பதினான்கு. கல்யாணம், புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணி ஓய்வு. திருச்சி மாவட்டத்தில் யாராவது ஓய்வு பெற்றால், கண்ணாடிச் சட்டம் போட்ட மடலில் அவரைக் 'கடமையின் கற்கண்டே' என்று அழைக்கிறவர் பெரும்பாலும் பிச்சமுத்துவாகத்தான் இருப்பார்.

அமிர்தம் விஷயத்தைச் சொன்னாள்.

"வாழ்க்கைக் குறிப்பா? குடு இங்க."

"நானே எழுதிக்கிறேங்க. மூணு நிமிஷந்தானே."

"மூணு நிமிஷந்தான் கஷ்டம். மூணு மணி நேரம்னா எவன் வேணா பேசிடுவான். உக்காரு. சொல்லு, உன் சாதனை என்ன?"

அமிர்தம் விரலில் ஒட்டியிருந்த மாவைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்துவிட்டு யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"அந்த பஸ் விஷயம் வரணும்."

"எந்த பஸ்?"

"அதான், எக்ஸெல் வண்டியோட விழுந்தேனே."

பிச்சமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். "மாவு அபிஷேகமா!"

பதினோரு வருஷத்துக்கு முன்னால், தன் நாற்பத்தோராவது வயதில், அமிர்தம் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு மெஸ்ஸுக்கு மாவு கொண்டுபோன முதல் வாரத்திலேயே தஞ்சாவூர் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தாள். அந்தக் கதையை வீட்டுக்கு வரும் எல்லாரிடமும் பிச்சமுத்து சொல்வார். பஸ் கிறீச்சென்று நிற்கும், ரோடெல்லாம் வெள்ளை வெளேர் என்றாகும், நடுவில் அமிர்தம் தயிர்சாதத்துக்குள் மாதுளை முத்து மாதிரி உட்கார்ந்திருப்பாள். வந்தவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். அமிர்தம் காபியோடு வெளியே வரும்போது கதை முடிந்திருக்கும். பதினோரு வருஷத்தில் அவள் அதைத் தன் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"நீங்க சொல்றது வேற. நான் சொல்றது வேற" என்றாள்.

"பஸ்ஸு ஒண்ணுதானே?"

"பஸ்ஸு ஒண்ணுதான்."

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மகள் தேவதர்ஷினி காதிலிருந்து இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றினாள். "ப்பா, அம்மா கதைய அம்மாவையே எழுத விடுங்களேன்."

"நான் வேணாங்கலம்மா. ஆனா மேடைன்னு வந்துட்டா அதுக்குன்னு ஒரு நடை இருக்கு. அவ்ளோ பெரிய சபைல போயி 'வண்டில போனேன், விழுந்தேன், எந்திரிச்சேன்'னு சொன்னா மரியாதையா?"

"அதானங்க நடந்துச்சு."

"நடந்தத எல்லாம் எழுதினா அது எஃப்.ஐ.ஆர்., அமிர்தம். மடல் ஆகாது." அவர் முகத்தில் கருணை படர்ந்தது. "கவலப்படாத. பஸ் வரும். கடைசிப் பத்தியில பொருத்தமா வெச்சுடறேன்."

"சத்தியமா?"

"எழுதறவன் வாக்கு."

அன்று சாயங்காலம் ஜஹானாரா போன் பண்ணினாள். பாலக்கரைக்காரி. மூன்றாம் பெஞ்சில் அமிர்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். அந்த வகுப்பில் அமிர்தத்தின் இனிஷியலை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற ஒரே ஆள்.

"அடியே, நீ அனுப்பிட்டியா?"

"எங்க வீட்ல எழுதித் தர்றேன்னுருக்காங்க."

"அது சரி! உன் புருஷன் எழுதுனா அது உன் வாழ்க்கையா, அவுக வாழ்க்கையா? ஜோதிய பாத்தியல்ல. அல்லா, அந்த மனுஷனுக்கு எத்தன டிரான்ஸ்ஃபர்டி! எனக்கே மூட்ட கட்டி மூட்ட கட்டிக் கை வலிச்சுப் போச்சு."

"பஸ் விஷயம் வெக்கிறேன்னு சத்தியம் பண்ணிருக்காங்க."

"வெக்கலன்னா?"

வெளியே யாரோ தூக்குவாளியைத் தட்டினார்கள்.

அந்த வாரம் பிச்சமுத்துவுக்கு நெருக்கடியான வாரம். மூன்று பேர் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். மூன்று பேருமே கற்கண்டாக விரும்பினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் பிரவீன்ராஜுக்கு அவர் போனிலேயே சொன்னார்: "தம்பி, நம்ம பழைய மடல் ஒண்ண எடுத்துக்க. மேல பேரு திருமதி அமிர்தம் பிச்சமுத்து. வருஷம் முப்பத்திரண்டு. கீழ 'அன்புக் கணவர் பிச்சமுத்து'ன்னு போடு. கடைசிப் பத்திய மட்டும் நான் தனியா அனுப்பறேன்." முப்பத்திரண்டு என்பது அவர்கள் கல்யாணமாகி ஆன வருஷம். கடைசிப் பத்தியை அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் மூன்று ஓய்வு விழாக்களிலும் சாப்பிட்டார். அனுப்பவில்லை. பிரவீன்ராஜ் இரண்டு நாள் காத்துப் பார்த்துவிட்டு, இருந்ததை அப்படியே அச்சடித்துச் சட்டம் போட்டு, பழுப்புக் காகிதத்தில் கட்டிக் கொடுத்துவிட்டான். இருநூற்றுப் பதினான்கு மடல் எழுதியவர் புரூஃப் பார்ப்பதில்லை. அது அவருடைய கொள்கை.

"பிரிக்கக் கூடாது. மேடைலதான் பிரிக்கணும்" என்றார் அமிர்தத்திடம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன மண்டபம் பட்டுப்புடவைகளால் நிறைந்தது. மின்விசிறிகள் சூட்டைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தன. வந்தவர்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்து, அடையாளம் தெரியாமல், "அப்படியே இருக்கடி!" என்று கட்டிக்கொண்டார்கள். கணவர்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்து ஒருவர் பதவியை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். சமையல்கட்டிலிருந்து புளியோதரை வாசனை வந்தது.

"வெங்காயம் பூண்டு எதுவும் கிடையாது. கோயில் பாகம். அக்காரவடிசில் பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றாள் கோமளவல்லி.

"காந்தி மார்க்கெட்ல வெங்காய மண்டி வெச்சிருக்குறவரு பொஞ்சாதிய கூப்புட்டு வெங்காயமில்லாம சோறு போடுறியே, இது அடுக்குமாடி?" என்றாள் ஜஹானாரா.

"ஒரு வேள தாங்க மாட்டியா?"

"நான் தாங்குவேன். எங்க அவுகள கேளு." பின்வரிசையில் அவள் கணவர் ஷேக் தாவூது நல்ல மனுஷனாகத் தலையாட்டினார்.

மேடை தொடங்கியது. ஜோதி தன் மூன்று நிமிஷத்தில் கணவரின் ஐந்தாவது பதவி உயர்வுக்கு வந்தபோது மைக் அணைந்தது. கடைசி இரண்டையும் அவள் கணவர் பின்வரிசையிலிருந்து எழுந்து சத்தமாகச் சொன்னார். பேட்ரிசியா நான்காவது படுக்கையறை வரை போனாள். ஜஹானாரா ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். "எங்க அவுக சவுதில இருவது வருஷம். அவுக கொரல் மட்டுந்தான் எனக்குத் தெரியும். திரும்பி வந்து மண்டி வெச்ச பொறவுதான் கொறட்டையும் தெரிஞ்சுச்சு. மூணு புள்ளைகளையும் தனியா வளத்தேன், அல்ஹம்துலில்லாஹ். அவ்ளோதான்." கைதட்டல் நீண்டது.

அமிர்தத்தைக் கூப்பிட்டார்கள். பலரும் யார் என்று பார்த்தார்கள். அவள் பழுப்புக் காகிதத்தைப் பிரித்து, கண்ணாடிச் சட்டத்தைப் பலகாரத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோமளவல்லி மைக்கை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தாள். பின்வரிசையில் பிச்சமுத்து கண்களை மூடிக்கொண்டார். தன் தமிழைக் கேட்கும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

"காவிரித் தாய் தாலாட்டும் கழனித் திருநாட்டில் பிறந்து, கடமையின் கற்கண்டாய், கண்ணியத்தின் கலங்கரை விளக்கமாய்த் திகழும் திருமதி அமிர்தம் பிச்சமுத்து அவர்களே!" என்று அமிர்தம் தன்னைத் தானே விளித்துப் படித்தாள். முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். "முப்பத்திரண்டு ஆண்டுகள், ஒரு நாளேனும் மருத்துவ விடுப்பு எடுக்காமல், மேலதிகாரிகளின் முகக்குறிப்பு அறிந்து, தமக்கென யாதொரு கோரிக்கையும் வைக்காமல் அரும்பணி ஆற்றி..."

பிச்சமுத்துவின் கண்கள் திறந்தன.

"...இன்று பிற்பகலுடன், வயது முதிர்வின் காரணமாகப் பணி ஓய்வு பெறும் தாங்கள், இனிவரும் நாட்களை ஓய்வாகவும் ஆன்மிகச் சுற்றுலாவிலும் கழித்திட வாழ்த்துகிறோம். இவண், அன்புக் கணவர் பிச்சமுத்து."

அவ்வளவுதான். கீழே பூ வேலைப்பாடு. பஸ் இல்லை. அமிர்தம் சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அட்டைதான் இருந்தது.

முதலில் யாரோ ஒருத்தி கைதட்டினாள். பிறகு முப்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். கோமளவல்லி மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். "பார்த்தேளா! ஒரு புருஷன், தன் அகமுடையாளுக்கு, ஆத்துக் காரியத்துலேர்ந்து ரிட்டையர்மென்ட் குடுத்திருக்கார்! அதுவும் பிரேம் போட்டு! இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்? மாமா, நீங்க மேடைக்கு வாங்கோ!"

பிச்சமுத்து மேடைக்கு ஓடினார். விளக்கம் சொல்லத்தான் ஓடினார். "இதுல ஒரு சின்ன..." என்று வாயைத் திறந்தபோது கோமளவல்லி அவர் தோளில் பொன்னாடையைப் போர்த்தினாள். போட்டோ எடுத்தார்கள். பிச்சமுத்துவுக்கு வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்திப் பழக்கம். ஓய்வு விழாவில் அவருக்குப் போர்த்தியது துண்டு. இது ஜரிகை போட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு, கைகளைக் கூப்பினார்.

"கொடுத்து வெச்சவடி நீ" என்று கோமளவல்லி மைக்கை எடுக்கப் போனாள். அமிர்தம் விடவில்லை.

"எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குல்ல?"

கோமளவல்லி செல்போனைப் பார்த்தாள். "ஒண்ணே முக்கால்."

"போதும்." அமிர்தம் சட்டத்தைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பொன்னாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நான் இட்லி மாவு அரைக்கிறேன். நாப்பத்தோரு வயசுல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். ஒரு நாள் காலைல அஞ்சரைக்கு மெஸ்ஸுக்கு ரெண்டு வாளி மாவோட போனப்ப பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்துட்டேன். ரெண்டு வாளியும் ரோட்டுல. பஸ்ல இருந்தவங்க எல்லாம் ஜன்னல் வழியா பாக்குறாங்க. கண்டக்டர் எறங்கி வந்து, 'அடி பட்டுச்சாம்மா'ன்னு கேட்டாரு. மொழங்கால்ல ரத்தம். நான் 'மணி என்ன'ன்னு கேட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அமிர்தமும் சிரித்தாள்.

"மெஸ்ல எழுவது பேரு சாப்பிடணும். வண்டிய நிமித்தி வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் தெருவுக்குக் குடுக்க வெச்சிருந்த மாவு இருந்துச்சு. அத எடுத்துக்கிட்டு அதே ரோட்டுல மறுபடி போனேன். மெஸ்காரரு, 'ஏன்மா லேட்டு'ன்னாரு. 'பஸ்ஸுன்னாலே லேட்டுதானே'ன்னேன். சாயங்காலம் வீட்ல சொன்னேன். வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க."

பின்வரிசையில் கணவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"மறுநாள் அந்த எடத்துல வண்டிய நிறுத்திப் பாத்தேன். மாவு காஞ்சு வெள்ளையா கெடந்துச்சு. காக்கா கொத்திக்கிட்டு இருந்துச்சு. சரி, யாருக்கோ ஆச்சுன்னு கெளம்பிட்டேன். அதுலேர்ந்து எனக்கு எந்த பஸ்ஸுக்கும் பயம் இல்ல. இதான் சொல்லணும்னு நெனச்சேன்." அவள் பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டினாள். "அப்புறம், இவங்க குடுத்த ரிட்டையர்மென்ட்ட ஏத்துக்கிறேன். வீட்டு வேலைலேர்ந்து மட்டும். மாவு என் சொந்தத் தொழில், அதுக்கு வயசு முதிர்வு கெடையாது. வணக்கம்."

மைக் அணைவதற்குப் பத்து விநாடி பாக்கி இருந்தது.

பந்தியில் எல்லாரும் பிச்சமுத்துவுக்குக் கை கொடுத்தார்கள். "பெரிய மனசு சார்" என்றார் ஜோதியின் கணவர், கொஞ்சம் பொறாமையோடு. ஷேக் தாவூது மட்டும் அவர் இலைக்குப் பக்கத்தில் குனிந்து, "சார், ரசம் வெக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "நான் சவுதில கத்துக்கிட்டேன். எதாவது சந்தேகம்னா போன் போடுங்க."

வீட்டுக்கு வந்து ஆறு மணிக்கு அமிர்தம் மறுநாளைக்கான அரிசியைக் களைந்து ஊறப் போட்டாள். பிறகு மின்விசிறிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"டிபனுக்கு என்ன?" என்றார் பிச்சமுத்து, பழக்கத்தில்.

"தெரியலயேங்க."

"அமிர்தம், அது அந்த டிடிபி பையன் பண்ணின தப்பு."

"கையெழுத்து உங்களோடது."

"கடைசிப் பத்தி விட்டுப் போச்சு."

"முப்பது பேரு பாத்தாங்க. பொன்னாடையும் வாங்கிட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவள் குரல் மாதிரி இருந்தது. "ஒரு நாளும் மருத்துவ விடுப்பு எடுக்கலன்னு வேற போட்டிருக்கீங்க. சேத்து வெச்ச லீவு பாக்கி இருக்கும். அதெல்லாம் நான் கேக்கல."

தேவதர்ஷினி உள்ளேயிருந்து சிரித்த சத்தம் கேட்டது. பிச்சமுத்து யோசித்துப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் எழுத்தில் இருப்பதை மாற்ற முடியாது என்று மனுக்காரர்களைத் திருப்பி அனுப்பியவர். எந்த வழியும் தெரியவில்லை. எழுந்துபோய்க் கோதுமை மாவு டப்பாவைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது அலமாரியில் இருந்தது.

முதல் வாரம் ரவை உப்புமா. இரண்டாவது வாரமும். பிறகு ஷேக் தாவூதுக்கு இரண்டு தடவை போன் போனது, ஒரு சாம்பார் வந்தது, தேவதர்ஷினி அதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். காய் நறுக்குவதில் அவருக்கு ஒரு தனி நேர்த்தி இருப்பது தெரிந்தது. பீன்ஸை நாடா கட்டின கோப்புகள் மாதிரி ஒரே அளவில் அடுக்குவார். மாவு வாங்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய் வீட்டில் சொன்னார்கள். தெருவில் சில ஆண்கள் அவரைப் பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். ரசம் மட்டும் வசப்படவில்லை. ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் வெந்நீராக இருக்கும்.

வைகாசி கடைசியில் ஒரு நாள், மெஸ்ஸுக்கு மாவு போட்டுவிட்டுத் திரும்பிய அமிர்தம், சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்தாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி இருந்தன. பொருள்: பணி நீட்டிப்பு கோருதல் தொடர்பாக. அதற்குக் கீழே பிச்சமுத்து தன் வாழ்நாளில் எழுதியதிலேயே சின்ன வாசகத்தை எழுதியிருந்தார். கற்கண்டு இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை.

'ரசம் மட்டும் நீ வை. மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.'

அமிர்தம் அதை இரண்டு தடவை படித்தாள். சமையல்கட்டில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ ரொம்ப மும்முரமாகக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவ அங்கே ஒன்றும் இல்லை. மகளின் பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் எழுதினாள்.

'ஞாயிற்றுக்கிழமை மட்டும்.'

பிறகு, அதிகாரிகள் போடுவது மாதிரி, கீழே ஒரு சின்னக் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டு, உளுந்து ஊறிவிட்டதா என்று பார்க்கப் போனாள்.